நோன்பு திறக்கும் முன் அந்த ஒரு மணி நேரம்: பிள்ளைகளை என்ன செய்வது?

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டரை. பகலில் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டுச் சமையலறைக்குள் போனதும் தொடங்கிவிடும். மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். மகன் "பாங்கு எப்போ சொல்வாங்க?" என்று நூறு தடவை கேட்பான். கடைசியில் கத்திவிடுகிறேன், நோன்பு வைத்துக்கொண்டு இப்படிக் கத்துகிறோமே என்று மனசு வேறு கிடந்து அடித்துக்கொள்கிறது. கணவர் நோன்பு திறக்கும் மஃரிபுக்குக் கால் மணி நேரம் முன்புதான் வருவார். விளையாட்டுச் சாமான் நிறைய இருக்கிறது, எதுவும் எடுபடவில்லை. இப்போதெல்லாம் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: சகோதரி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த நேரத்துக்கு முன் பிள்ளைகள் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்?

மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருப்பதால் ரமலான் வந்தால் இதே கேள்வியோடு தாய்மார்கள் என்னிடம் வருவார்கள். நான் திருப்பிக் கேட்பதும் இதைத்தான். பலருக்கு உடனே பதில் வராது. மதியம் சாப்பிட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு பிஸ்கட், அவ்வளவுதான். "எப்படியும் நோன்பு திறக்கும்போது எல்லாரும் சேர்ந்து சாப்பிடத்தானே போகிறோம்" என்று விட்டிருப்போம். இரண்டரை வயது வயிறு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கேட்கும். நோன்பு வைத்திருப்பது நாம். நம்மை அறியாமலே அவர்களையும் பாதி நோன்பாளி ஆக்கிவிடுகிறோம். போதாததற்கு, கண் முன்னாலேயே வாசனையோடு பலகாரம் தயாராகிறது. "தொடாதே, பாங்கு சொல்லட்டும்" என்கிறோம். அழாமல் என்ன செய்யும் பிள்ளை?

ஆகவே எந்த விளையாட்டையும் தேடுவதற்கு முன், அஸர் தொழுததும் இருவரையும் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். கொறிக்கிற மாதிரி இல்லை, பசி அடங்குகிற மாதிரி. தண்ணீரும் மறக்காமல் கொடுங்கள். நமக்குத் தாகம் என்பதால் பிள்ளைக்குத் தண்ணீர் காட்ட மறந்துபோவது நம் வீடுகளில் சகஜம். அப்புறம் நோன்பு திறக்கும்போது அவர்கள் சரியாகச் சாப்பிட மாட்டார்களே என்றால், சாப்பிட வேண்டாம். ஒரு பேரீச்சம்பழத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பருவ வயதுக்கு வராத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் மகன் "நானும் நோன்பு" என்று ஆசைப்பட்டால் காலைச் சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைக்கும் வைக்கட்டும். அதை அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்ளட்டும்.

இது நடந்தாலே உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. மீதி இருப்பது பசி சம்பந்தப்பட்டதல்ல, உங்கள் மகள் கட்டிக்கொள்கிற அந்தக் கால் சம்பந்தப்பட்டது. பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்த உம்மா திடீரென்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுவிடுகிறாள், கூப்பிட்டால் பார்ப்பதில்லை. அவளுக்குத் தெரிவது அது மட்டும்தான். சமையலறைக்குள் போகும் முன் கால் மணி நேரம் தரையில் உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவர்கள் விளையாடுகிற எதிலாவது சும்மா சேர்ந்துகொள்ளுங்கள். களைப்பாக இருந்தால் படுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் ஏறி விளையாடட்டும். நோயாளி விளையாட்டு என்று ஒன்று உண்டு: நீங்கள் படுத்திருக்க வேண்டும், அவர்கள் ஊசி போடுவார்கள். நோன்பாளி உம்மாவுக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது.

"அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். சரி, கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: பதார்த்தங்களில் ஒன்றைக் குறையுங்கள். வெட்டுவது, அரைப்பது, பிசைவது எல்லாவற்றையும் உடம்பில் தெம்பு இருக்கிற முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மாலையில் நமக்கும் சர்க்கரை இறங்கி, டீ குடிக்காத தலைவலி சேர்ந்து, பொறுமை கடைசிச் சொட்டில் நிற்கும். அந்த நேரத்துக்கு என்று வேலையை மிச்சம் வைத்துவிட்டு, கத்திவிட்டோமே என்று வருந்துவதில் அர்த்தம் இல்லை.

நோன்புக் காலத்தில் அழும் பிள்ளைக்குப் போக்குக் காட்டுவது இன்று நேற்று வந்த பாடு இல்லை. நபித்தோழி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பன்று மதீனாவில் பிள்ளைகளையும் நோன்பு வைக்கப் பழக்குவார்களாம். கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருப்பார்களாம். பிள்ளை சாப்பாடு கேட்டு அழுதால் நோன்பு திறக்கும் நேரம் வரை அதைக் கொடுப்பார்களாம். இதில் என்னைக் கவர்ந்த விஷயம், அந்தப் பொருளைச் செய்து கைவசம் வைத்திருந்தார்கள் என்பதுதான். அழ ஆரம்பித்த பிறகு தேடவில்லை.

நீங்களும் அப்படி ஒரு பெட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'அஸர் பெட்டி' என்று பெயர். அட்டைப்பெட்டிதான். அஸருக்குப் பிறகு மட்டும் திறக்கும். மஃரிபுக்கு மூடிவிட வேண்டும், மற்ற நேரத்தில் அலமாரிக்கு மேல். இருக்கிற விளையாட்டுச் சாமான் எடுபடவில்லை என்றீர்களே, அவை எப்போதும் கண்ணில் படுவதுதான் காரணம். அதே சாமானில் முக்கால்வாசியைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள், புதுசு மாதிரி இருக்கும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை பெட்டியில் இருப்பதை மாற்றினால் ரமலான் முழுக்க ஓட்டிவிடலாம்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. மகளுக்கு: ஜிப் வைத்த பழைய பர்ஸ், ஜோடி கலைத்துப் போட்ட காலுறைகள், ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், மூடியோடு நாலைந்து டப்பாக்கள். இன்னொரு தந்திரம் உண்டு. ஒட்டும் காகித டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒரு தட்டு முழுக்க ஒட்டிக் கொடுங்கள். உரித்து உரித்து எடுப்பாள். இரண்டரை வயதுக்காரி ஒரு காரியத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே பெரிசு. இதில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மகனுக்கு: முனை மழுங்கிய கத்தரிக்கோல், பழைய காலண்டர் தாள்கள், பசை, தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா. அளவு நாடாவைக் கொடுத்துப் பாருங்கள், கதவு, நாற்காலி, தங்கை எல்லாம் அளக்கப்படும்.

இருவருக்கும் பொதுவாக மாவு. இரண்டு கப் மைதா, அரைக் கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கால் கப் அளவுக்கு ஊற்றிப் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதத்தில் வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். பச்சை மாவு, அதோடு உப்பும் நிறைய. மகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் போகக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயறு, கடலை போன்றவற்றை அள்ளிக் கொட்டி விளையாடுவது பார்க்க அழகாக இருக்கும். ஒரு வருடம் நானும் கொடுத்தேன். கொண்டைக்கடலை ஒன்று என் சின்னவனின் மூக்குக்குள் போய், அன்று நான் நோன்பு திறந்தது டாக்டர் அறை வாசலில். தண்ணீரில் ஊறி உப்பும் வண்ண ஜெல் மணிகள் அதைவிட மோசம். விழுங்கினால் குடலுக்குள் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். ரமலான் அலங்காரத்துக்கு வரும் குட்டி விளக்குகளில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத விளக்கு வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

அடுத்து மகனின் "எப்போ, எப்போ". ஐந்து வயதில் 'இன்னும் முக்கால் மணி நேரம்' என்பது வெறும் சத்தம். நேரத்தை அவன் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும். ஒரு கயிற்றைக் கட்டி அதில் துணிக் கிளிப் நாலு மாட்டுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒன்று. அலாரம் அடிக்கும்போது கிளிப்பைக் கழற்றுவது அவன் பொறுப்பு. கடைசிக் கிளிப் கழன்றால் பாங்கு. கேள்வி நின்றுவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்களிடம் கேட்பதற்குப் பதில் கயிற்றைப் போய்ப் பார்ப்பான்.

பிறையையும் அவனிடம் ஒப்படையுங்கள். இது முப்பது நாள் வேலை. முதல் சில நாள் பிறை மேற்கே, சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம்தான் தெரியும். ஏழாம் நாள் வாக்கில் பாதி நிலா, பாங்கு சொல்லும்போதே வானத்தில் உயரத்தில் நிற்கும். பதினான்கு, பதினைந்தில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே முழு நிலா ஏறும். அதற்குப் பிறகு நிலா நாளுக்கு நாள் பிந்தி வரும். நோன்பு திறக்கும் நேரத்தில் தேடினால் இருக்காது. "நிலா எங்கே போச்சு?" என்று அவனே கேட்பான். தினமும் ஒரு கட்டத்தில் வரைந்து வைத்தால் பெருநாளன்று மாதம் முழுவதும் சுவரில் இருக்கும்.

இத்தனை சொன்னாலும், பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் மிகவும் பிடித்தது நாம் செய்கிற வேலையைச் செய்வதுதான். அதிலிருந்து அவர்களை விரட்டிவிட்டு விளையாட்டுச் சாமானைக் கொடுப்பதால்தான் பாதிச் சண்டை. மகனுக்கு நிரந்தரமான ஒரு பொறுப்பைக் கொடுங்கள், தினம் மாற்றாதீர்கள். பேரீச்சம்பழத்துக்கு அவன்தான் ஆள் என்று வையுங்கள்: கழுவி, கொட்டை எடுத்து, ஆளுக்கு மூன்று என்று எண்ணி வைக்க வேண்டும். தங்கைக்கு மட்டும் நீங்கள் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள். பேரீச்சம்பழம் ஒட்டும் தன்மை உள்ளது, முழுசாக இருந்தால் தொண்டையில் சிக்கும். முழுத் திராட்சை, முந்திரி, பாதாமுக்கும் இதே எச்சரிக்கை. மகளுக்கு உடையாத தட்டு, ஸ்பூன், விரிப்பைத் துடைக்க ஈரத்துணி. துடைத்த இடத்தையே துடைப்பாள், விடுங்கள்.

அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் டேப்பால் கோடு போட்டுவிடுங்கள். மகன் அதை மதிப்பான். மகள் மதிக்க மாட்டாள், ஆகவே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது அவள் சமையலறைக்குள் இல்லாதபடி அந்த வேலையை முன்னாடியே முடியுங்கள். தரையில் விரித்துச் சாப்பிடும் வீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கொதிக்கும் பாத்திரம் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சூடானதெல்லாம் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கடைசியாக வரட்டும்.

கணவர் கால் மணி நேரம் முன்பு வருகிறார் என்றீர்கள். அந்தக் கால் மணி நேரம் அவருடையது. அவரும் நோன்பாளிதான், களைத்துத்தான் வருவார். ஆனாலும் கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் வாப்பா கையில். பக்கத்து வீட்டுக்குத் தட்டு கொண்டுபோகலாம், மாடிக்குப் போய் நிலா பார்க்கலாம். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்; பசி நேரத்தில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

கடைசியாக, போன். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆகவே இருபது நிமிடம் காட்டினால் குடி முழுகாது. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் உருக வேண்டாம். ஆனால் அழுதால் போன் கிடைக்கும் என்று ஆகிவிடக்கூடாது. கயிற்றில் எந்தக் கிளிப்புக்குப் போன் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் மூன்றாவது கிளிப்பைச் சொல்வேன், கடைசியை அல்ல. கடைசியில் கொடுத்தால் பாங்கு சொல்லும் நேரத்தில் போனைப் பிடுங்க வேண்டி வரும். நீங்கள் துஆ கேட்க வேண்டிய நேரம் அந்த அழுகையில் போய்விடும்.