டிரில் பிரஸ்ஸில் கையால் பிடிக்கலாமா?

கேள்வி: வீட்டுப் பட்டறைக்கு அரைக் குதிரைத்திறன் மோட்டார் கொண்ட சிறிய டிரில் பிரஸ் (தூணில் பொருத்திய துளையிடும் இயந்திரம்) ஒன்றை வாங்கியுள்ளேன். சின்னஞ்சிறு இரும்புத் துண்டுகளுக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் வைஸ் என்னும் பிடிப்பிடுக்கியைப் பூட்டிக்கொண்டிருப்பது அலுப்பாக இருக்கிறது. கையால் அழுத்திப் பிடித்துத் துளையிட்டால் என்ன?

பதில்: கூடாது. அரைக் குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 370 வாட். துளையிடும் பிட்டைப் பிடித்திருக்கும் சக் நிமிடத்துக்கு 500 சுற்று சுழலும்போது அத்திறன் முழுவதும் பிட்டுக்கு வந்து சேர்ந்தால், முறுக்குவிசை சுமார் 7 நியூட்டன் மீட்டர் இருக்கும். துளையின் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி விரல் வைத்திருப்பவர், அந்த இடத்தில் ஏறக்குறைய 14 கிலோ எடைக்குச் சமமான விசையைப் பக்கவாட்டில் எதிர்த்து நிற்க வேண்டும். துண்டு சிறிதாகச் சிறிதாக விரல் மையத்தை நெருங்குவதால், எதிர்க்க வேண்டிய விசையும் கூடுகிறது. ஆகவே ‘சின்னத் துண்டுதானே’ என்ற வாதம் தலைகீழானது. 500 சுற்று என்றால் நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல். நீங்கள் திடுக்கிட்டுக் கையை இழுக்கக் கால் நொடி ஆனாலும், அதற்குள் கூரிய விளிம்புள்ள அந்த இரும்பு இரண்டு முறை சுழன்றிருக்கும்.

பெரும்பாலான நேரம் துளையிடுதல் அமைதியாகவே நடப்பதால் வீண் துணிச்சல் வந்துவிடுகிறது. சிக்கல் இருப்பது பிட்டின் முனை அடிப்பக்கம் வெளிப்படும் அந்தக் கணத்தில்தான். அதுவரை கைப்பிடியின் அழுத்தத்தை எதிர்த்துக்கொண்டிருந்த உலோகம் திடீரென்று இல்லாமல் போக, வெட்டு விளிம்புகள் மிச்சமிருக்கும் வளையத்தை ஒரேயடியாகக் கவ்வுகின்றன. பிட்டின் திருகுப் பள்ளங்கள் துண்டை மேலே இழுத்து, தம்மோடு சேர்த்துச் சுழற்றிவிடுகின்றன. கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும் என்பது இதனால்தான்.

வைஸில் பிடித்தால் மட்டும் போதாது, அந்த வைஸும் மேசையின் பிளவுகள் வழியே இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். 6 மி.மீ.க்கு உட்பட்ட துளைகளுக்குக் கனமான வைஸைப் போல்ட் இல்லாமல் வைப்பதை நான் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் அதன் நீண்ட முனை, உங்கள் பார்வையில் தூணின் இடப்பக்கத்தில் சாய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், இடப்புறம் நீட்டியிருக்கும் முனை பின்னோக்கி நகர்ந்து தூணில் முட்டி நின்றுவிடும். வலப்புறம் நீட்டியிருந்தால் அது வந்து இடிப்பது உங்கள் வயிற்றில். நீளமான பட்டைகளுக்கும் பலகைகளுக்கும் இதே விதிதான்.

கேள்வி: 1 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளை போட்டால் அது முக்கோணமாகிறது, தகடும் துள்ளுகிறது. ஏன்?

பதில்: வழக்கமான 118 பாகை முனை கொண்ட 10 மி.மீ. பிட்டின் கூம்புப் பகுதி மட்டுமே 3 மி.மீ. உயரம் கொண்டது. முழு விட்டம் உலோகத்துக்குள் நுழைவதற்கு முன்பே முனை கீழே வெளியேறிவிடுவதால், பிட்டை நடுவில் நிறுத்த எதுவும் இல்லை. இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கு நடுவே தகட்டை வைத்து, மூன்றையும் சேர்த்து இரண்டு இடங்களில் ஜி-கிளாம்ப்பால் மேசையோடு இறுக்கித் துளையிடுங்கள். படிப்படியாக விட்டம் கூடும் ஸ்டெப் பிட் இருந்தால் இன்னும் நல்லது. பித்தளையும் அக்ரிலிக்கும் தடிமனாக இருந்தாலும் பிட்டைத் தம்முள் இழுத்துக்கொள்ளும். அவற்றுக்கென ஒரு பிட்டை ஒதுக்கி, அதன் வெட்டு விளிம்பின் கூர்மையைச் சாணைக்கல்லால் சற்று மழுக்கி வைப்பது பழைய, நம்பகமான வழி.

கேள்வி: உருண்டைக் கம்பியை எப்படிப் பிடிப்பது? கையுறை அணியலாமா?

பதில்: வி வடிவப் பள்ளம் கொண்ட வி-பிளாக்கில் கிடத்தி, மேலே இரும்புப் பட்டை வைத்து, போல்ட்டால் மேசையோடு இறுக்க வேண்டும். பட்டையின் மறுமுனைக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை கம்பியின் மேற்புறத்துக்குச் சமமாகவோ இம்மியளவு உயரமாகவோ இருக்கட்டும். போல்ட் அந்தக் கட்டையைவிடக் கம்பிக்கு நெருக்கமாக இருக்கட்டும். பலர் இதை மாற்றி வைத்து, கட்டையைத்தான் பலமாக இறுக்குகிறார்கள்! துளைக்குமுன் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் குழி இடாவிட்டால் வளைந்த பரப்பில் பிட் வழுக்கும். கையுறை கூடவே கூடாது. அது பிட்டில் சிக்கினால் கையும் உடன் போகும்.

கேள்வி: எல்லாம் செய்தும் துண்டு சுழலத் தொடங்கிவிட்டால்?

பதில்: அதைப் பிடிக்க முயலாதீர்கள். கைப்பிடியை விட்டுப் பின்வாங்கி, துண்டு சுழலும் வட்டத்துக்கு வெளியே நின்று மின்சாரத்தை நிறுத்துங்கள். காலால் அழுத்தும் சுவிட்ச் பொருத்தியிருந்தால் இந்த நேரத்தில்தான் அதன் அருமை தெரியும். சக் முற்றிலும் நின்ற பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கைக் கையால் எதிர்த்திசையில் திருப்பினால் கவ்விய பிட் பெரும்பாலும் விடுபட்டுவிடும். மீண்டும் தொடங்குமுன் பிட் வளைந்திருக்கிறதா, சக்கில் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள்.