‘மேக் அப்’ என்றால் முகப்பூச்சு மட்டும்தானா?

கேள்வி: ‘மேக் அப்’ என்றால் முக ஒப்பனை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஓர் ஆங்கிலக் கதையில் ‘ஷி மேட் இட் அப்’ என்று வந்தது. அகராதியைப் புரட்டினால் பொருள் பக்கம் பக்கமாக நீள்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதுதான் வழியா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். முதலில் உங்கள் வாக்கியம்: ‘அதை அவள் இட்டுக்கட்டிச் சொன்னாள்’ என்று பொருள். ஒப்பனைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் தமிழில் ‘புனை’ என்ற வினையை நினைத்துப் பாருங்கள். வேடமும் புனைகிறோம், கதையும் புனைகிறோம். ‘மேக் அப்’ செய்வதும் அதேதான்.

‘மேக்’கையும் ‘அப்’பையும் தனித்தனியே மொழிபெயர்த்துக் கூட்டினால் எதுவும் கிடைக்காது. ‘போட்டுக்கொடு’ என்கிறோமே, அதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கோள் சொல்வதுதான் இருக்கிறது. அதுபோல இதையும் ஒரே சொல்லாகப் பாருங்கள்.

இங்கே ‘அப்’ என்பது ‘மேலே’ அல்ல. ‘ஈட் அப்’ என்றால் சாப்பிட்டு முடி, ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர். நம் ‘முடி’, ‘தீர்’ செய்யும் துணைவேலையை அங்கே ‘அப்’ செய்கிறது. ‘மேக் அப்’பில் அது ‘சேர்த்து நிறைவாக்கு’ என்ற சாயலைத் தருகிறது. பல பேர் சேர்ந்து ஒரு குழு ஆவது, குறைந்த தொகையை ஈடுகட்டுவது, முறிந்த நட்பு ஒட்டிக்கொள்வது, அலைபாயும் மனம் ஒரு முடிவுக்கு வருவது, துணுக்குகளைக் கோத்துக் கதை கட்டுவது என எல்லாவற்றிலும் அந்தச் சாயல் தெரியும். ஒவ்வொன்றாகப் படிப்பதைவிட இந்த இழையைப் பிடித்துக்கொண்டால் புதிய வாக்கியத்திலும் பொருளை ஊகிக்கலாம்.

கேள்வி: ‘மேக் அப் வித்’, ‘மேக் அப் ஃபார்’, ‘மேக் அப் டு’ எல்லாம் ஒன்றா? எதைப் போட்டாலும் புரியும் என்கிறார்கள்.

பதில்: புரியாது, சில இடங்களில் தவறாகப் புரியும். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

‘வித்’ வந்தால் சமாதானம். ‘ஐ மேட் அப் வித் மை பிரதர்’ என்றால் அண்ணனோடு இருந்த சண்டை தீர்ந்து ராசியாகிவிட்டேன். ‘ஃபார்’ வந்தால் ஈடு. ‘ஹிஸ் ஹார்ட் வொர்க் மேட் அப் ஃபார் ஹிஸ் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் அனுபவக் குறையை உழைப்பு ஈடுகட்டியது. ‘டு’ மட்டும் தனியே வந்தால், குறிப்பாக பிரிட்டிஷ் வழக்கில், காரியம் சாதிக்கக் குழைவது, காக்கா பிடிப்பது. ஆனால் நடுவில் ‘இட்’ நுழைந்து ‘ஐ வில் மேக் இட் அப் டு யூ’ என்றாகிவிட்டால், ‘உனக்கு நேர்ந்ததற்கு நான் ஈடு செய்கிறேன்’ என்ற நல்ல வாக்குறுதி. ஒரு ‘இட்’ பொருளையே திருப்பிப் போடுகிறது. மன்னிப்புக் கடிதத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

‘ஆஃப்’ வந்தால் உறுப்புகளைச் சொல்கிறோம். ‘த கமிட்டி இஸ் மேட் அப் ஆஃப் செவன் மெம்பர்ஸ்’: குழுவில் 7 உறுப்பினர்கள். மரத்தால் ஆன மேசைக்கு இதைப் போடக் கூடாது. அது வெறும் ‘மேட் ஆஃப் வுட்’. எண்ணிப் பிரிக்கக்கூடிய உறுப்புகளுக்கு ‘மேட் அப் ஆஃப்’, மூலப்பொருளுக்கு ‘மேட் ஆஃப்’. மூலப்பொருள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டால், மரம் காகிதமாவதைப் போல, ‘மேட் ஃப்ரம்’.

கேள்வி: கட்டுரையில் ‘மேக் அப்’ எழுதினால் பேச்சு வழக்காகத் தெரிகிறது. பதிலுக்கு என்ன சொற்கள் போடலாம்?

பதில்: எந்தப் பொருளில் என்பதைப் பொறுத்தது. இட்டுக்கட்டுவதற்கு ‘இன்வென்ட்’ பொதுவான சொல். ‘ஃபேப்ரிகேட்’ கனமானது, பொய்ச் சாட்சியம், போலி ஆதாரம் போன்றவற்றுக்குப் பொருந்தும். தாமதமாக வந்த மாணவன் சொன்ன சாக்குக்கு அதைப் போட்டால் குற்றப்பத்திரிகை போல ஒலிக்கும். அங்கே ‘கன்காக்ட்’ சரி. மறுபக்கம், புதுக் கருவியைக் கண்டுபிடித்தவரைப் பற்றி ‘இன்வென்டட்’ என்று எழுதலாம். ‘மேட் அப்’ என்று எழுதினால் அப்படியொரு கருவியே இல்லை என்றாகிவிடும்.

ஈடுகட்டுவதற்கு ‘கம்பென்சேட் ஃபார்’. சமாதானத்துக்கு ‘ரெகன்சைல்’, ஆனால் குழந்தைகளின் டூ, பழம் சண்டைக்கு அது அதிகப்படி, ‘மேக் அப்’பே அழகு. முடிவெடுப்பதற்கு ‘டிசைட்’ உண்டு. ஆனால் தயங்கித் தயங்கி எடுத்த முடிவு என்ற நிறம் ‘மேக் அப் யுவர் மைண்ட்’டில்தான் கிடைக்கும். பலர் முடிவெடுத்தால் ‘தே மேட் அப் தேர் மைண்ட்ஸ்’ எனப் பன்மை போட மறக்காதீர்கள்.

உறுப்புகளைச் சொல்ல ‘கான்ஸ்டிட்யூட்’, ‘கம்ப்ரைஸ்’ இரண்டும் உண்டு, ஆனால் திசை எதிரெதிர். உறுப்புகள் முழுமையை ‘கான்ஸ்டிட்யூட்’ செய்கின்றன. முழுமைதான் உறுப்புகளை ‘கம்ப்ரைஸ்’ செய்கிறது. ‘லெவன் பிளேயர்ஸ் கான்ஸ்டிட்யூட் எ டீம்’, ‘எ டீம் கம்ப்ரைசஸ் லெவன் பிளேயர்ஸ்’. ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’ என்று எழுதும் பழக்கம் மிகப் பரவலானது. அந்த ‘ஆஃப்’ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ‘மேட் அப் இட்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ‘மேட் அப் எ ஸ்டோரி’ சரி என்கிறார். ஏன் இந்தப் பாகுபாடு?

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் அதற்குத் திறந்திருக்கும்: ‘மேட் அப் எ ஸ்டோரி’, ‘மேட் எ ஸ்டோரி அப்’. ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘மேட் இட் அப்’. பிரதிப்பெயர் அழுத்தமின்றி ஒலிக்கும் சிறு சொல். வாக்கியத்தின் கடைசி அழுத்தத்தை ‘அப்’புக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது. ‘ஃபார்’ சேர்ந்த வடிவத்துக்கு இந்த விதி கிடையாது. அங்கே ‘மேக் அப் ஃபார் இட்’தான், ‘ஃபார்’ தன் சொல்லைத் தனக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

பதில்: வினை என்றால் எப்போதும் இரண்டு சொல், உச்சரிப்பில் அழுத்தம் ‘அப்’ மேல். பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் ‘மேக்’ மேல். அமெரிக்க வழக்கில் ஒரே சொல்லாகவும், பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் நடுவே சிறு கோட்டுடனும் எழுதுவார்கள்.