கிரகணம் பார்த்த தீவுக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் மகன் அங்கோலா நாட்டில், லுவாண்டாவில் வேலை பார்க்கிறான். வரும் ஜூலையில் நானும் கணவரும் அவனிடம் போகிறோம். அங்கிருந்து பத்து நாள் சாவோ தோமே - பிரின்சிப்பே என்ற தீவு நாட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறான். என் கணவர் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், வயது 64. ஐன்ஸ்டைன் சொன்னதைச் சோதித்துப் பார்த்த இடம் அங்கேதான் இருக்கிறது என்று இப்போதே குதிக்கிறார். எனக்குத்தான் பயம். நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு, காய்ச்சல், பணம் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள் அம்மா. நான் போய் வந்த ஊர் அது. மொத்த ஜனத்தொகையே இரண்டு லட்சத்துச் சொச்சம். சாது மனிதர்கள். 'லெவெ லெவெ' என்பார்கள், நம் 'மெதுவா, மெதுவா' மாதிரி. சாவோ தோமே என்றால் புனித தோமையார். நம் சென்னை சாந்தோமுக்கும் அதே பெயர்தான். போர்ச்சுகீசியர் வைத்தது.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது தடுப்பூசி. அங்கோலாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வேண்டும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள் முதல் தடவையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அரிதுதான், என்றாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு 64 ஆகிறதே. அதனால் நேராக ஊசி போடப் போய் நிற்காமல், அவருக்கு என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை என்று முழு விவரத்தோடு முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

மலேரியாவுக்கு நம்மைப் போன்ற பயணிகளுக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். லுவாண்டா, தீவு இரண்டுக்கும் சேர்த்து அதே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தீவில் பெரிய மருத்துவ வசதியை எதிர்பார்க்க முடியாது. அவசரத்துக்கு வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அடங்கிய பயணக் காப்பீடு எடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை இரண்டு பங்காக, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வீட்டு ஆசிரியர் விஷயம். அவர் சொல்லும் இடம் பிரின்சிப்பே என்ற சின்னத் தீவில், சுந்தி என்ற பழைய கோகோ தோட்டத்தில் இருக்கிறது. 1919 மே 29 அன்று முழு சூரிய கிரகணம். ஐன்ஸ்டைன் சொன்னபடி, சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க எடிங்டன் என்ற ஆங்கிலேய வானியல் அறிஞர் அங்கே காத்திருந்தார். அன்று காலையில் இடியும் மழையும். மதியத்துக்கு மேல் மழை விட்டும் மேகம் விலகவில்லை. சூரியன் முழுசாக மறைந்திருந்தது ஐந்து நிமிடம். அதற்குள் 16 படம் எடுத்தார்கள். கணக்குப் போட உதவும்படி நட்சத்திரங்கள் தெரிந்தது இரண்டில்தான். பிரேசிலில் இன்னொரு குழு எடுத்த படங்களையும் சேர்த்துத்தான் ஐன்ஸ்டைன் கணக்கு சரி என்று அறிவித்தார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அதன் முன்னால் நிற்க வேண்டும் அம்மா. செலவு கூடினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் பிரின்சிப்பேவைப் பயணத்தின் ஆரம்பத்தில் வையுங்கள். இரண்டு தீவுக்கும் நடுவே ஓடுவது சின்ன விமானம், பயணம் முக்கால் மணிக்குள். நான் அதைக் கடைசியில் வைத்து மாட்டிக்கொண்டேன். திரும்பும் விமானம் ரத்தாகி, ஊருக்குப் போகும் விமானத்தைத் தவறவிட்டு, அழாத குறை. முதலில் போய்விட்டால் ஒரு நாள் தாமதமானாலும் தாங்கும். ஜூலை நல்ல மாதம். 'கிராவானா' என்று அவர்கள் சொல்லும் மழை குறைந்த பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

பணத்துக்கு கார்டை நம்பாதீர்கள். யூரோவாக, சின்ன நோட்டுகளாகக் கொண்டு போங்கள். உள்ளூர் காசு தோப்ரா. ஒரு யூரோவுக்கு 24.5 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள், அதனால் கணக்குப் போடுவது சுலபம். காரை மகனே ஓட்ட வேண்டாம், டிரைவரோடு வாடகைக்கு எடுங்கள். தெற்கே பீகோ காவோ கிராந்தி என்று ஒரு எரிமலைப் பாறை, சுற்றியுள்ள காட்டுக்கு மேல் முந்நூறு மீட்டருக்குமேல் ஒற்றைத் தூணாக நிற்கிறது. அதைப் பார்க்க விடியற்காலையில் கிளம்புங்கள், வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். சாவோ தோமே காட்டில் கருநாகம் உண்டு. ஷூ போடாமல், வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

சாப்பாடு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அரிசிச் சோறு கிடைக்கும், பீன்ஸ் குழம்பு கிடைக்கும், வாழைப்பழம், பப்பாளிக்குக் குறைவில்லை. சீமைப்பலாவைச் சுட்டுத் தருவார்கள். உப்பு தொட்டுச் சாப்பிட்டால் பசி அடங்கிவிடும். நம் பலாப்பழமும் அங்கே ஏராளம். அதை 'ஜாக்கா' என்கிறார்கள்; மலையாளத்துச் சக்கைதான் போர்ச்சுகீசியர் வாயில் அப்படி ஆனது. எச்சரிக்கை ஒன்று: 'கலுலு' என்று கீரைக் குழம்பு ஒன்று வரும். பார்க்க நம் வீட்டுக் கடைசல் மாதிரியே இருக்கும், உள்ளே பெரும்பாலும் புகைபோட்ட மீன் இருக்கும். பீன்ஸ் குழம்பிலும் இறைச்சி சேர்ப்பது உண்டு. "வெஜிடேரியன்" என்றால் பலருக்கு மீன் கணக்கில் வராது. "செம் கார்னெ, செம் பைஷெ" என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இட்லிப்பொடி ஒரு டப்பா எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும்.

பொள்ளாச்சிக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். வால்பாறை லயன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 'ரோசா' என்ற பழைய தோட்டங்களுக்குள் போனால் அதே மாதிரி நீள வரிசை வீடுகள் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகக் கோகோ விளைந்த நாடு அது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்த பிறகும் அங்கோலாவிலிருந்து ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் ஆட்களைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பாமல் வேலை வாங்கினார்கள். அது வெளியே தெரிந்து, 1909-இல் கேட்பரி நிறுவனம் அந்தக் கோகோவை வாங்க மாட்டோம் என்று நிறுத்தியது. தலைநகருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய தோட்டத்துக்கு இப்போது அங்கோலாவின் முதல் ஜனாதிபதி அகோஸ்தினோ நேத்தோவின் பெயர். அதன் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. சுற்றுலா இடம் என்று நினைத்துக் கேமராவோடு நுழையாதீர்கள், அது அவர்கள் வீட்டு வாசல். "போங் தியா" என்று வணக்கம் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குழந்தைகள் "தோசெ, தோசெ" என்று மிட்டாய் கேட்டு ஓடி வருவார்கள். கையில் கொடுத்தால் மற்ற வண்டிகளின் பின்னாலும் ஓடப் பழகிவிடும். நோட்டு, பென்சில் வாங்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் கொடுங்கள். அதை உங்கள் வீட்டு ஆசிரியரே கொடுக்கட்டும்.

நான் போன தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி, மரப்பெட்டியை மூடியிருந்த வாழையிலையை விலக்கி என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். புளித்துக்கொண்டிருந்த கோகோ விதைகள், வெந்நீர் மாதிரிச் சுட்டன. காடி வாசனை மூக்கில் ஏறியது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உட்காரச் சொல்லி முக்காலியை நகர்த்திப் போட்டார்.