கை எரியுதே, என்ன செய்வது?

தோட்ட மருத்துவமனையில் பல வருஷம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் என்பதால், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மிளகாய் எரிச்சல் என்றால் இன்றும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

விசேஷத்துக்குச் சம்பல் செய்ய ஒரு கிலோ சிலி பாடி (சின்னக் கார மிளகாய்) அரிந்தேன். நாலு தடவை கை கழுவியும் ராத்திரி முழுக்க எரிந்தது. ஏன்?

எரிச்சலைத் தருவது மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற காரப்பொருள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் ஈரம் படும் முன்பே கையில் சமையல் எண்ணெய் விட்டு, நகக்கண், விரலிடுக்கு எல்லாம் ஒரு நிமிஷம் தேயுங்கள். காகிதத்தால் துடைத்துவிடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீர் கலக்காமல் தேய்த்து, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் மறுபடியும் இதையே செய்யுங்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம். நரம்பில் சூட்டை உணரும் வாயில் ஒன்று உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். கேப்சைசின் பட்டால் சாதாரணச் சூட்டுக்கே திறந்துகொள்ளும். இந்த வாயிலைக் கண்டறிந்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோல் கொப்பளித்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

கையுறை போட்டும் எரிகிறதே?

சாப்பாட்டுக் கடையில் மாட்டுகிற தொளதொள பிளாஸ்டிக் உறையா? அது மணிக்கட்டில் வாய் பிளந்து நிற்கும், சாறு உள்ளே இறங்கிவிடும். பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும், எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போய் பிசுபிசுக்கும். ஆகவே இயற்கை ரப்பரான லேடெக்ஸ் கையுறையைவிட, செயற்கை ரப்பரான நைட்ரைல் கையுறை நல்லது. கழற்றும்போது விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், சாறு இருப்பதே அங்கேதான். மணிக்கட்டு ஓரத்தைப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரியுங்கள்.

விதையை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. காரம் விதையில் இல்லை, அதைத் தாங்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. விரலால் வழிக்காமல் சிறு கரண்டியால் சுரண்டுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் பால் விடலாமா?

கூடாது. சுத்தமான தண்ணீரை 15 நிமிஷம் விடாமல் ஓடவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், மிளகாய் தொடாத யாராவது கழற்றட்டும். வலி நிற்காவிட்டாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஒருமுறை ஒரு பாட்டி, பேத்தியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடி வந்தார். அம்மியில் மிளகாய் அரைத்த கையால் குழந்தையின் வாயைத் துடைத்திருக்கிறார். உதடு செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. எனக்கு இன்னும் மறக்கவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில், குழந்தையைக் குளிப்பாட்டி, பாலூட்டி, தூங்கவைத்த பிறகு மிளகாயைத் தொடுங்கள், அம்மா.