அரண்மனையை ஆடம்பர ஹோட்டலாக்குவது சரியா?

மன்னர் குடும்பம் வாழ்ந்த அரண்மனையை, ஓரிரவு வாடகையே பலரின் மாதச் சம்பளத்தை மிஞ்சும் ஹோட்டலாக மாற்றுவது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் தொழில் செய்பவன் என்ற முறையில், ராஜஸ்தானின் ஜோத்பூரில் உள்ள உமைத் பவன் அரண்மனையை வைத்துப் பதில் சொல்கிறேன். அங்கே நான் தங்கியதில்லை. அருங்காட்சியகப் பகுதியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பஞ்சத்தில் தவித்த மக்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதற்காக, மகாராஜா உமைத் சிங் 1929இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 347 அறைகளுடன் 1943இல் வேலை முடிந்தது. 1947இல் அவர் மறைந்தார். கட்டியவர் அனுபவித்தது நான்கே ஆண்டுகள்!

என்னை அங்கேயே நிறுத்திவைத்தது சுவர்தான். மணற்கற்களுக்கு இடையே சாந்து வைக்காமல், ஒரு கல்லின் மேடு அடுத்த கல்லின் பள்ளத்தில் உட்காரும்படி செதுக்கிக் கோத்திருக்கிறார்கள். பொருத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. இயந்திரத்தில் அறுத்த ஸ்லாபைப் பதிக்கும்போதே இடைவெளியை அடைக்க எபாக்சி பசை தேடும் எங்களுக்கு, விளிம்பு எளிதில் உதிரக்கூடிய மணற்கல்லில் இந்த நேர்த்தி எத்தனை பொறுமையைக் கேட்டிருக்கும் என்பது புரியும்.

முன்னாள் மன்னர் குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியம் 1971இல் ஒழிக்கப்பட்டது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அதன் பிறகு இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேறு வழியில்தான் வர வேண்டியிருந்தது. குடும்பத்தினர் ஒரு பகுதியில் வசிக்கிறார்கள், ஒரு பகுதி அருங்காட்சியகம், இன்னொன்று தாஜ் குழுமம் நடத்தும் ஹோட்டல். ராயக்கோட்டை மலைமேல் கூரை இழந்து நிற்கும் கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு (போருக்குக் கட்டிய கோட்டையை மாளிகையோடு ஒப்பிடுவது முழு நியாயமில்லைதான்), ஆள் புழக்கமும் வருமானமும் உள்ள கட்டடமே நிலைக்கும் என்று தோன்றுகிறது.

ஆகவே, மாற்றுவது சரியே. ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். சாதாரணக் கட்டணத்தில் பொதுமக்கள் பார்க்க ஒரு பகுதியேனும் திறந்திருக்க வேண்டும். பழுது பார்க்கும்போது, கிடைத்த கல்லைப் போட்டு ஒப்பேற்றாமல், கூடுமானவரை அதே வகைக் கல்லையே தேடிப் பிடித்துப் பதிக்க வேண்டும். வேறு கல் என்றால் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே நிறம் வேறுபட்டு, ஒட்டுப் போட்டது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.