வடகடல் கரையிலிருந்து ஒரு ராக்கெட்

அன்புள்ள ஐயா,

ஸ்ரீஹரிகோட்டாவில் இரவில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை ஏவுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமாவோடு மண்டபம் வடகடல் கரையில் போய் நின்றேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி எழும்பியது. ஒரு நிமிடம்கூட இருக்காது, பட்டென்று அணைந்துவிட்டது. சத்தமும் இல்லை. “கடலில் விழுந்துவிட்டது” என்று சொல்லி மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் செய்தித்தாளில் ‘வெற்றி’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நாங்கள் பார்த்தது என்ன?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

பார்த்தது ராக்கெட்தான். மாமா அவசரப்பட்டுவிட்டார்.

பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் ஏறக்குறைய 139 டன் திட எரிபொருள். அதில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால் கண் கூசும்படி எரியும். அதுதான் 500 கிலோமீட்டர் தாண்டி உங்களுக்குத் தெரிந்தது. அடிவானத்துத் தூசிக்குள் புகுந்து வருவதால் ஆரஞ்சாகிவிடுகிறது. கிளம்பும் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. பூமியின் வளைவு மறைத்துவிடும். 20 கிலோமீட்டர் ஏறிய பிறகே, துருவ நட்சத்திரத்துக்குக் கீழே சற்று வலப்புறமாகத் தலைகாட்டும். அதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். இரண்டு நிமிடம் ஆவதற்குள் முதல் கட்டம் தீர்ந்து கழன்றுவிடும். அடுத்து எரிவது இரண்டாம் கட்டத்தின் விகாஸ் எஞ்சின். திரவ எரிபொருள், மங்கலான தழல். ராக்கெட் உங்கள் கண்ணுக்குத்தான் அணைந்தது.

மூன்றாம் கட்டம் மறுபடி திட எரிபொருள், நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனதும் பற்றும். மாமா கொஞ்சம் பொறுத்து, இன்னும் கிழக்கே தள்ளிப் பார்த்திருந்தால் ஒரு புள்ளியாவது அகப்பட்டிருக்கலாம். சத்தத்துக்குக் காத்திருப்பது வீண். ஒலி 500 கிலோமீட்டர் கடக்க 25 நிமிடம் வேண்டும்; வழியிலேயே கரைந்துவிடும். பெரும்பாலும் அதற்குள் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டு வேலையை முடித்திருப்பார்கள்!

துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போக முடியாது, இலங்கை குறுக்கே நிற்கிறது. தென்கிழக்கே போய்ப் பிறகு வளைகிறது. அதற்கென்று எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே திறந்த கடல். உங்களுக்கும் 150 கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே ஏவத் தொடங்கியதும் வடகடலை விட்டுவிட்டுத் தென்கடல் கரைக்குப் போங்கள், தென்மேற்கே பாருங்கள். அங்கே ஏவப்போகும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள். ஒரு கட்டம் தீர்ந்ததும் இருட்டும். உடனே கிளம்பிவிடாதீர்கள், அடுத்தது பற்றும்.