சின்னத் தலை டாலர் செல்லுமா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன என் கணவரின் பெட்டியில் 14 நூறு டாலர் நோட்டுகள் இருந்தன. எல்லாம் 1990 என்று அச்சிட்டவை. பாறசாலையில் ஒரு ஏஜெண்ட், "இது சின்னத் தலை, அமெரிக்காவே நிறுத்திவிட்டது" என்று டாலருக்கு 60 ரூபாய்தான் தருவேன் என்கிறார். வைத்திருந்தால் விலை ஏறும் என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
- வாசகி, களியக்காவிளை

பதில்: ஏஜெண்ட் சொன்னது பொய். சின்னத் தலை என்பது நடுவிலுள்ள படம் சிறிதாக இருக்கும் பழைய நோட்டு. 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட டாலர் நோட்டுகள் அங்கே இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். 1996இல் பெரிய படத்தோடும் 2013இல் நீலப் பட்டையோடும் புது நூறு டாலர் வந்தது. பழையதை யாரும் செல்லாது என்று அறிவிக்கவில்லை. 2016 நவம்பரைப் பார்த்த நம் ஊர்க்காரர்களின் பயத்தில்தான் இந்த ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள்.

ஆனால் அமெரிக்கச் சட்டம் இங்குள்ள கவுண்டரைக் கட்டாது. வங்கிக் கிளையில் கேட்டால் பாதிப் பேருக்கு விவரம் தெரியாது. "ஹெட் ஆபீஸில் கேளுங்கள்" என்று தட்டிக்கழிப்பார்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள, டாலர் மாற்றித்தரும் நிலையங்கள் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் உண்டு. மூன்றிடத்தில் விலை கேளுங்கள். பழைய நோட்டை மறுபடி விற்பது அவர்களுக்குச் சிரமம், அதனால் ஒன்றிரண்டு ரூபாய் குறைப்பது நியாயம். முப்பது ரூபாய் குறைப்பது கொள்ளை.

போகும் முன் 14 நோட்டின் எண்ணையும் எழுதி வையுங்கள். "மெஷினில் பார்க்கிறேன்" என்று கட்டை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். திரும்பி வருவது உங்கள் நோட்டாக இருக்காது. "வாட்டர்மார்க் இல்லை, கள்ள நோட்டு" என்பது இன்னொரு வித்தை. 1990 நோட்டில் வாட்டர்மார்க் கிடையவே கிடையாது, அது 1996இல்தான் வந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நோட்டுக்குள் பதிந்த இழையில் யுஎஸ்ஏ 100 என்று ஆங்கில எழுத்து தெரிய வேண்டும். படத்தைச் சுற்றிப் பொடி எழுத்தும் இருக்கும், லென்ஸ் வேண்டும்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று மொத்தத் தொகையில் பிடிப்பவரும் உண்டு. அவர்கள் டாலரை 88 ரூபாய் என்று வாங்கினால் உங்களுக்கு 1,23,200 ரூபாய். அதற்கு வரி சுமார் 200 ரூபாய்தான். 1000 டாலருக்கு மேல் என்பதால் ரொக்கம் தரமாட்டார்கள், கணக்கில்தான் போடுவார்கள். ரசீதும் டாலரை மாற்றியதற்கான சான்றும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அண்ணன் சொல்வது பாதி சரி. 1990இல் டாலர் 17, 18 ரூபாய். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. இது ரூபாய் தேய்ந்த கணக்கு, டாலர் வளர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1990இல் சுமார் 40 டாலருக்குக் கிடைத்த சரக்குக்கு இன்று நூறு டாலர் வேண்டும். பெட்டிக்குள் கிடந்தால் வட்டியும் இல்லை. இங்கு வசிப்பவர் கையில் வைக்க 2000 டாலர் உச்சவரம்பு. உங்களுடையது 1400, பயமில்லை.

கரையான் அரித்த நோட்டு இருந்தால் கதை வேறு. இங்கே யாரும் தொடமாட்டார்கள். பாதிக்கு மேல் அடையாளம் தெரிந்தால் வாஷிங்டனில் அமெரிக்க அச்சகத் துறை இலவசமாகவே மாற்றித்தரும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், "பாதி விலைக்கு எடுக்கிறேன்" என்பவரிடம் காட்டவே காட்டாதீர்கள். தபால் செலவும் மாதக்கணக்கான காத்திருப்பும் உண்டு. ஒற்றை நோட்டுக்கு அந்தப் பாடு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.